கமல் நவம்பர் தொகுப்பு: எது பச்சை மீன், எது கருவாடு?

பாம்பன் ஐஸ்கட்டி | 8 நவம்பர் 2025, இரவு 9.40

இன்னைக்குச் சனிக்கிழமை. நம்ம ஆளுங்க பாதிப் பேர் இந்நேரம் வலையைப் போட்டுட்டு இருட்டுல உக்காந்திருப்பாங்க. நாளைக்குக் காலைல கரை ஏறி, மீனை இறக்கிட்டுப் போனைத் தொறந்ததும் படிக்கட்டும்னு இப்பவே எழுதி வைக்கிறேன்.

புதுசா வந்தவங்களுக்கு ஒரு வார்த்தை. நான் வேலை பாக்குறது ஐஸ் கம்பெனில. மாசம் ஒருக்கா கமல் சார் பத்தி வந்ததையெல்லாம் அள்ளிட்டு வந்து இங்க கொட்டித் தரம் பிரிப்பேன். அவர் வாயாலயோ, அவர் கம்பெனி அறிவிப்புலயோ வந்து, வேலையும் நடந்துட்டா பச்சை மீன். அறிவிச்சாச்சு, இன்னும் கேமரா ஓடலைன்னா ஐஸ் மீன். பழைய செய்தியைப் புதுசு மாதிரி ஓட்டுனா கருவாடு. மிச்சமெல்லாம் நாத்தம். நாத்தத்தை நானா போடமாட்டேன், யாராவது கேட்டா மோந்து பாத்துச் சொல்லுவேன்.

நேத்து அவருக்கு 71 முடிஞ்சது. பிறந்தநாள் வாரம்ங்கறதால கூடை நெறஞ்சிருச்சு.

பெருசுல இருந்து ஆரம்பிக்கிறேன். 5-ஆம் தேதி ராஜ்கமல் பிலிம்ஸ் அறிவிச்சிருச்சு: ரஜினி நடிக்க, சுந்தர் சி இயக்க, கமல் தயாரிக்க ஒரு படம், 2027 பொங்கலுக்கு. ரஜினிக்கு 173-ஆவது படம். அருணாச்சலமும் அன்பே சிவமும் எடுத்த ஆளு, ரெண்டு வீட்டுக்கும் தெரிஞ்சவர். இதுல கமல் நடிக்கல. மறுபடியும் சொல்றேன், நடிக்கல, காசு போடுறார். ரெண்டு பேரும் சேர்ந்து நடிக்கிற படம் வேற. அதைச் செப்டம்பர்ல துபாய்ல நடந்த சைமா விழா மேடைல அவரே ஒத்துக்கிட்டார், ஆனா அதுக்கு இன்னும் இயக்குநர் பேர் சொல்லல. இந்த ரெண்டையும் போட்டுக் கொழப்பி "46 வருஷத்துக்கு அப்புறம் ஒரே படத்துல"ன்னு எனக்கு மட்டும் பதினோரு ஃபார்வர்டு வந்துருச்சு. 173-ஐ ஐஸ் பெட்டில வைங்க. சேர்ந்து நடிக்கிற படத்தை அதே பெட்டில இன்னும் அடியில வைங்க.

அடுத்தது நேத்து வந்தது. கமலோட 237-ஆவது படம். சண்டைப் பயிற்சி பண்ற அன்பறிவ் அண்ணன் தம்பி இயக்குறாங்கன்னு 2024 ஜனவரிலயே சொல்லியாச்சு. இப்ப எழுதுறதுக்குச் சியாம் புஷ்கரன் சேர்ந்திருக்கார். கும்பளங்கி நைட்ஸ் எழுதினவர். கொச்சி பக்கத்து மீன்பிடி ஊர்க் கதைல, ஒரு வீட்டுக்குள்ள நாலு ஆம்பளைங்க அடிச்சுக்கிறதை அப்படி எழுதின ஆளு. சண்டைக்காரங்களும் அவரும் சேர்ந்தா என்ன வரும்னு எனக்கு நெசமாவே தெரிஞ்சுக்கணும் போல இருக்கு. இந்த வருஷத்துல எனக்குப் புடிச்ச செய்தி இதுதான். 173 கூட ரெண்டாவதுதான்.

நாயகன் 6-ஆம் தேதி மறுபடியும் தியேட்டருக்கு வந்திருக்கு. இது மட்டும் அசல் பச்சை மீன், போய்ப் பாத்துரலாம்.

கருவாட்டுக் கூடை: "கமலுக்கு ஆஸ்கர்" ஃபார்வர்டு திரும்பக் கிளம்பியிருக்கு. ஜூன் மாசம் ஆஸ்கர் கொடுக்கிற அகாடமில உறுப்பினரா சேரச் சொல்லி அழைப்பு வந்துச்சு. சேர்ந்தா ஓட்டுப் போடலாம். அவ்வளவுதான். பொம்மை கைக்கு வரல.

இந்தியன் 3 பத்திக் கேக்காதீங்க. வலையில ஒண்ணும் இல்ல.

---

சேராங்கோட்டை சுக்கான் | 9 நவம்பர், காலை 10.15

அண்ணே, இப்பத்தான் கரை ஏறி, குளிச்சுட்டுப் படிச்சேன். நீங்க எழுதி வைக்கிறது எங்களுக்கு எவ்வளவு உதவின்னு உங்களுக்குத் தெரியாது. 5-ஆம் தேதி புதன். நாங்க கடல்ல. தனுஷ்கோடி தாண்டினா நம்ம டவர் செத்துரும், இலங்கை டவர் வந்து "வரவேற்கிறோம்"ங்கும். அதுல மெசேஜ் பாத்தா காசு பிடுங்கிருவான்னு எல்லாரும் போனை அமத்திப் போட்டுருவோம். வியாழக்கிழமை காலைல ஜெட்டில கால் வைக்கிறேன், இறால் எடுக்க வந்த ஏஜெண்டு, "ரஜினியும் கமலும் ஒரே படம்"ங்கறான். ராத்திரி பூரா தூங்காத மூளைக்கு அது கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்துச்சு. இப்ப உங்க பதிவைப் பாத்தப்புறம்தான் தயாரிப்புன்னு புரிஞ்சது.

ஒரு பஞ்சாயத்து இருக்கு. எங்க சம்மாட்டி, அதான் படகு முதலாளி, அவர் படகு கேபின் நெத்தில "உலகநாயகன்"னு எழுதியிருக்கு. 2022 மீன்பிடித் தடைக்காலத்துல படகைக் கரையேத்திப் பெயிண்ட் அடிச்சப்ப எழுதுனது. ஜூன் 3 விக்ரம் வந்துச்சு, ஊரே தொழிலுக்குப் போகாம சும்மா கெடந்த நேரம், ராமநாதபுரம் போய் ரெண்டு நாள்ல மூணு காட்சி பாத்தோம். வந்த சூட்டுல எழுதிட்டோம். போன வருஷம் நவம்பர் 11-ல அவரே அறிக்கை விட்டார், எந்தப் பட்டமும் வேணாம், கமல்ஹாசன்னோ கமல்னோ கூப்பிடுங்கன்னு. நாளன்னைக்கு வந்தா ஒரு வருஷம். இந்த வருஷத் தடைக்காலத்துல அழிச்சுட்டு எழுதலாம்னேன், சம்மாட்டி கேக்கல. "அவரு வேணாங்கலாம். நான் கொடுத்ததை எப்படித் திருப்பி வாங்குவேன்?"ங்கறாரு. நீங்கள்லாம் என்ன சொல்றீங்க?

---

எமனேஸ்வரம் தறி | 9 நவம்பர், மதியம் 1.30

நான் நேற்று மதுரைக்குப் போய் நாயகன் பார்த்துவிட்டு வந்தேன். அப்பாவையும் கூட்டிப் போயிருந்தேன். அவர் 1987 தீபாவளிக்குப் பார்த்தவர். முப்பத்தெட்டு வருடம். இப்போது நடையில் தள்ளாட்டம், காதும் கொஞ்சம் மந்தம். ரயிலில் பரமக்குடியிலிருந்து மானாமதுரை வரைக்கும், "டிவியில் நூறு தரம் போட்டாச்சு, இதுக்கு எதுக்குடா இவ்வளவு தூரம்" என்று முனகிக்கொண்டே வந்தார். படம் ஆரம்பித்ததும் வாய் மூடிவிட்டது. இளையராஜா எழும்பும்போதெல்லாம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். காது மந்தமானவருக்குத் தியேட்டர் சத்தம்தான் சரியாகக் கேட்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டு டிவியில் இத்தனை வருடமாக அவர் பாதிப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இடைவேளையில் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். "அந்தத் தாராவியை மெட்ராஸ்ல செட்டுப் போட்டுத்தான் எடுத்தாங்க, தெரியுமா" என்றார். தெரியும். தோட்டா தரணி. அதற்கு அவருக்கு தேசிய விருது, ஒளிப்பதிவுக்கு பி.சி. ஸ்ரீராமுக்கு, நடிப்புக்குக் கமலுக்கு. ஆனால் முதல் முறையாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டேன்.

விருது என்றதும் ஒன்று. பிறந்தநாள் சுவரொட்டியில் எங்கள் ஊரில் "நான்கு முறை சிறந்த நடிகர்" என்று போட்டிருக்கிறார்கள். சிறந்த நடிகர் மூன்று முறைதான்: மூன்றாம் பிறை, நாயகன், இந்தியன். தேவர் மகனுக்குக் கிடைத்தது சிறந்த தமிழ்ப் படம், அது தயாரிப்பாளர் என்ற கணக்கில். சொந்த ஊரே தப்பாக அச்சடித்தால் வெளியூர்க்காரன் என்ன செய்வான்?

படகு விஷயம்: அழிக்கச் சொல்லுங்கள். கேட்டவர் அவர்.

---

மண்டபம் 2கே | 9 நவம்பர், மாலை 6.05

அண்ணே எல்லாம் சரி, முக்கியமான நியூஸை விட்டுட்டீங்க! 237 ஷூட்டிங் தனுஷ்கோடி அரிச்சல்முனைல ஸ்டார்ட் ஆகப்போகுதாம்!! ஒரு சேனல்ல போட்டான், ஆர்ட் டிபார்ட்மெண்ட் வந்து இடம் பாத்துட்டுப் போயாச்சு, பத்துப் படகு வாடகைக்குக் கேட்டிருக்காங்கன்னு. சர்ச் இடிஞ்சு கெடக்குல்ல, அங்க க்ளைமாக்ஸாம். நாங்க செவ்வாய்க்கிழமை பைக்ல போலாம்னு இருக்கோம்.

---

சேராங்கோட்டை சுக்கான் | 9 நவம்பர், மாலை 6.40

தம்பி, இந்தத் தீவுல பத்துப் படகை வாடகைக்குக் கேட்டா எங்க தெரு நாய்க்குக்கூட விஷயம் தெரிஞ்சிரும். ஒரு படகு கேட்டாலே டீசல் யாரு, ஆளு யாரு, படிக்காசு எவ்வளவுன்னு ராத்திரி பூரா பேச்சு ஓடும். யாரும் கேக்கல.

---

பாம்பன் ஐஸ்கட்டி | 9 நவம்பர், இரவு 8.20

2கே தம்பி, பெட்ரோலை மிச்சம் பண்ணு. கேட்டதுக்கு மோந்து பாத்துச் சொல்றேன்.

என் மச்சினன் அரிச்சல்முனைல மாங்காய் பத்தை போட்டு விக்கிறான். சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போலீஸ் எல்லாரையும் வெளிய அனுப்புற வரைக்கும் அங்கதான் நிப்பான். போன் போட்டுக் கேட்டேன். போன வாரம் ஒரு குரூப் வந்துச்சாம், ட்ரோன் எல்லாம் பறக்க விட்டாங்களாம், பழைய சர்ச் சுவருக்குப் பக்கத்துல வெள்ளைத் துணி கட்டி, குதிரை ஒண்ணு கொண்டாந்தாங்களாம். மாப்பிள்ளை திருப்பூராம், பொண்ணு காரைக்குடியாம்.

சிரிக்காதீங்க. நானும் இதே குழில விழுந்தவன்தான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி "கமல் பாம்பன் வர்றார், புதுப் பாலத்துல ஒரு காட்சி"ன்னு எவனோ சொன்னதை நம்பி, லீவு போட்டு, ரோட்டுப் பாலத்து மேல காலைல ஆறு மணில இருந்து பதினொண்ணு வரைக்கும் நின்னேன். கொண்டல் காத்து மூஞ்சியில உப்பை அள்ளி அடிக்குது. கீழ பாத்தா ரயில்வே ஆளுங்க தூண் வேலை பாத்துட்டு இருக்காங்க. பக்கத்துல நின்ன டூரிஸ்டுகிட்ட நான் வேற பெருமையா, "நாளைக்கு இந்த இடத்தைத் தியேட்டர்ல பாப்பீங்க"ன்னு சொல்லிட்டேன். அந்தாளு என் கூட போட்டோ எடுத்துக்கிட்டாரு. அவர் வீட்டு ஆல்பத்துல நான் இன்னைக்கும் சினிமாக்காரனா இருப்பேன்.

தரம் பிரிக்கிற புத்தி அன்னைக்கு வந்ததுதான். படம் எங்க எடுக்குறாங்கன்னு கம்பெனி சொல்லாத வரைக்கும் எல்லா ஊரும் சமம்.

---

கீழக்கரை தொதல் | 10 நவம்பர், காலை 7.50

ஐஸ்கட்டி காக்கா, வெளிநாட்டுல பொழைக்கிற ஒரு சபுராளியோட வேண்டுகோள். போன மாசத் தொகுப்புல மாநிலங்களவை பத்திப் பாதிப் பதிவு எழுதியிருந்தீங்க. இந்த மாசம் விட்டுட்டீங்க, சந்தோசம். இப்படியே விட்டுருங்களேன். துபாய்ல வேலை முடிஞ்சு ரூமுக்கு வந்து சினிமா படிக்கலாம்ண்டு வர்றேன். இங்கயும் கட்சிச் சண்டையா?

எனக்குக் காரணம் இருக்கு. 2013-ல விஸ்வரூபம் வர்ற நேரம். தமிழ்நாட்டுல கிட்டத்தட்ட ரெண்டு வாரம் நிறுத்தி வச்சு, பிப்ரவரி 7-ல தான் படம் வந்துச்சு. எங்க வீட்ல வாப்பா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வாப்பா சொன்னதுல நியாயம் இல்லைண்டு சொல்லமாட்டேன், அவருக்கு மனசு நொந்துதான் இருந்துச்சு. நான் பள்ளிக்கூடத்துல இருந்து கமல் கிறுக்கன். சோறு திங்கும்போது ரெண்டு பேரும் பேசிக்காம பன்னெண்டு நாள் இருந்தோம். உம்மாதான் நடுவுல தபால். அதுக்கப்புறம் வாப்பா மௌத்தாகுற வரைக்கும் வீட்ல நாங்க கமல் பேச்சையே எடுத்ததில்லை. ஆனா ஒரு நாள் நான் இல்லாத நேரம், டிவில பழைய படம் ஒண்ணு ஓடிட்டு இருந்துச்சாம், வாப்பா உக்காந்து பூராவும் பாத்து சிரிச்சாங்களாம். உம்மா போன்ல சொன்னாங்க. என்ன படம்ண்டு உம்மாவுக்குச் சொல்லத் தெரியல.

அரசியல் வந்தா எனக்கு அந்தப் பன்னெண்டு நாள்தான் ஞாபகம் வருது.

---

எமனேஸ்வரம் தறி | 10 நவம்பர், காலை 11.10

தொதல் அண்ணே, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. 2018 பிப்ரவரி 21 அன்று அவர் கட்சி தொடங்கப் புறப்பட்டது எங்கிருந்து? ராமேஸ்வரத்தில் கலாம் வீட்டிலிருந்து. பிறகு மீனவர்களைச் சந்தித்து, ராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை வழியாக ராத்திரி மதுரைக் கூட்டம். நம் மாவட்டத்தை நெடுக்காகக் கிழித்துக்கொண்டு போன செய்தி அது. 2021-இல் கோவை தெற்கில் 1,728 ஓட்டில் தோற்றது செய்தி. இந்த ஜூலை 25 அன்று மாநிலங்களவையில் தமிழில் உறுதிமொழி எடுத்தது செய்தி. நடிகரைப் பற்றித்தான் தொகுப்பு என்றால், அந்த நடிகர் பகலில் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதை எப்படி விட முடியும்?

---

சேராங்கோட்டை சுக்கான் | 10 நவம்பர், மதியம் போட நினைச்சு டவர் போய், 11 நவம்பர் காலை 9.00-க்குப் போடுறது

2018-ல நான் அந்த மீனவர் சந்திப்புல வெளிய நின்னவன். தலை தெரிஞ்சுச்சு, குரல் கேக்கல. நான் கேக்குறது ஒண்ணுதான்: எம்.பி. ஆனது, டெல்லி போனது, யாரைப் பாத்தார், அதெல்லாம் வேணாம். எங்க படகு, எங்க ஆளு, கச்சத்தீவு, இதைப் பத்தி அவைல பேசினார்னா போடுங்க. பேசலைன்னா போடாதீங்க.

---

பாம்பன் ஐஸ்கட்டி | 11 நவம்பர், மதியம் 2.15

சுக்கான் சொன்னதையே சட்டமா வச்சுக்குவோம். அவைக்குறிப்புல இருந்தா ஒரு வரி. மேடைப் பேச்சு, கூட்டணி, சீட்டுக் கணக்கு எதுவும் இங்க வராது. தறி அண்ணன் கோவிச்சுக்காதீங்க, நீங்க வேணும்னா தனி இழை தொறங்க, நான் வந்து லைக் போடுறேன்.

---

நவபாஷாணம் | 11 நவம்பர், இரவு 10.30

தேவிபட்டினத்துல இருந்து ஒரு ரஜினி ரசிகன். உள்ள வரலாமா? அடிக்கக் கூடாது.

ஐஸ்கட்டி அண்ணே, 46 வருஷக் கணக்கை நீங்க ஃபார்வர்டுன்னு திட்டினீங்க, ஆனா கணக்கு தப்புன்னு சொல்லல. 1979-ல நினைத்தாலே இனிக்கும் வந்துச்சு, சரி. 1981 தில்லு முல்லுல கமல் ஒரு காட்சிக்கு வந்துட்டுப் போவாரே, அது யாரு, அவர் தம்பியா? 1985-ல இந்தில கிராஃப்தார், அதுல அமிதாப்போட ரெண்டு பேரும் இருக்காங்க. முழுசா சேர்ந்து நடிச்ச தமிழ்ப் படம்னு சொன்னாத்தான் 1979 நிக்கும்.

அப்புறம் ஒரு சந்தோசம். எங்காளு படத்துக்கு உங்காளு முதலாளி. சம்பளம் நேரத்துக்குக் கொடுங்க.

---

பாம்பன் ஐஸ்கட்டி | 11 நவம்பர், இரவு 10.52

ஒத்துக்கிட்டேன், திருத்திக்கிறேன். கணக்குல ரஜினி ரசிகன்கிட்ட மாட்டுனது வாழ்க்கைல இதுதான் முதல் தடவை.

---

சின்னப்பாலம் பாசி | 12 நவம்பர், காலை 6.20

எல்லாரும் ஆம்பளைங்களா பேசிட்டு இருக்கீங்க, ஒரு பொம்பளையும் பேசிக்கிறேன். அம்மா இன்னைக்குக் கடல்பாசி எடுக்கப் போயிருக்கு, நான் வீட்ல.

எங்க அப்பத்தாவுக்குக் கமலை "சாவித்திரி மகன்"னுதான் தெரியும். களத்தூர் கண்ணம்மா 1960-ல வந்துச்சு, இந்த ஆகஸ்டோட 65 வருஷம். அதுல ஜெமினியும் சாவித்திரியும் அம்மா அப்பா, இவரு சின்னப் புள்ள. அது நடிப்புன்னு எத்தனை தடவை சொன்னாலும் அப்பத்தா காதுல ஏறாது. அதுக்குக் காரணம் படம் இல்ல, புயல். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடி போச்சுல்ல, பாம்பன்ல இருந்து போன ரயிலே ஆளுங்களோட கடலுக்குள்ள போச்சுல்ல, அந்த நேரம் ஜெமினியும் சாவித்திரியும் ராமேஸ்வரத்துலதான் இருந்தாங்க. தப்பிச்சாங்க. அப்பத்தா அப்ப கல்யாணமான புதுசு. ஊரே செத்தவங்களைத் தேடிட்டு இருக்கும்போது, "சாவித்திரி பொழச்சிருச்சாம்"னு ஒரு பேச்சு வந்துச்சாம். அழுதுட்டே இருந்த பொம்பளைங்க அதைக் கேட்டு ஒரு நிமிசம் நிறுத்தினாங்களாம். அப்புறம் யாரோ ஒருத்தி, "அந்தச் சின்னப் புள்ள கூட வந்துச்சா, அது என்னாச்சு"ன்னு கேட்டுச்சாம்.

படத்துல வந்த புள்ளையக் கேட்டிருக்கா. அவ யாருன்னு அப்பத்தாவுக்கு ஞாபகம் இல்ல. அவ புருசன் அந்த ராத்திரி திரும்பி வரலைன்னு மட்டும் சொல்லும்.

இது உங்க கணக்குல கருவாடா?

---

பாம்பன் ஐஸ்கட்டி | 12 நவம்பர், காலை 8.05

இல்ல தங்கச்சி. இது மாசி, சூரை மீனைப் பதம் பண்ணிக் காய வச்சது. பழசாகப் பழசாகத்தான் விலை.

நான் ரெண்டு வருஷமா இந்தத் தொகுப்பைப் போடுறேன். இது மாதிரி ஒண்ணு என் கைல ஒரு தடவைகூட மாட்டல.

---

கீழக்கரை தொதல் | 12 நவம்பர், காலை 9.30

ஆபீஸ்ல உக்காந்து படிச்சேன். பக்கத்து சீட்டு மலையாளி என்னாச்சுண்டு கேக்குறான்.

---

மண்டபம் 2கே | 13 நவம்பர், மாலை 4.48

அண்ணே!!! சுந்தர் சி விலகிட்டாரு!!! 173-ல இருந்து!! அறிக்கை வந்திருச்சு!! இது நாத்தம் இல்ல, நெசம்!!

---

நவபாஷாணம் | 13 நவம்பர், மாலை 5.10

எட்டு நாள். வெறும் எட்டு நாள். எங்க ஊர்ல நவக்கிரகம் கடலுக்குள்ள நிக்குது, ஒம்போதையும் சுத்திட்டு வர்றேன்.

---

சேராங்கோட்டை சுக்கான் | 13 நவம்பர், இரவு 7.30

நேத்துப் புதன், கடல். இன்னைக்குக் காலைல வந்து படுத்து, இப்பத்தான் எந்திரிச்சேன். கடலுக்குப் போகும்போது டைரக்டர் இருந்தாரு, தூங்கி எந்திரிச்சா இல்ல. அறிவிச்சப்பவும் நான் கடல்ல. இனிமே புதன்கிழமை நான் போகணுமா வேணாமான்னு ராஜ்கமல்ல கேட்டுச் சொல்லுங்கண்ணே.

---

மண்டபம் 2கே | 13 நவம்பர், இரவு 9.15

அடுத்த டைரக்டர் யாருன்னு ஏற்கெனவே அஞ்சு பேர் ஓடுது. போடவா?

---

எமனேஸ்வரம் தறி | 13 நவம்பர், இரவு 9.17

போடாதே.

---

பாம்பன் ஐஸ்கட்டி | 16 நவம்பர், காலை 11.00

மூணு நாளா ஐஸ் கம்பெனில மெஷின் ரிப்பேர், மூச்சு விட நேரமில்ல. இப்பத்தான் உக்காந்தேன். திருத்தம் எழுதணும்.

8-ஆம் தேதி நான் 173-ஐ ஐஸ் மீன்னு போட்டேன். தப்பில்ல, ஆனா என் மனசுல அதைப் பச்சை மீனாத்தான் நெனச்சேன், ஒத்துக்கிறேன். கம்பெனி அறிவிப்பு, ரஜினி பேரு, பொங்கல் தேதி எல்லாம் சேர்ந்தா இனி எங்க போகும்னு ஒரு தெனாவெட்டு. 13-ஆம் தேதி சுந்தர் சி எதிர்பாராத, தவிர்க்க முடியாத சூழ்நிலைன்னு சொல்லி வெளிய வந்துட்டார். அதுக்கு மேல காரணம்னு நீங்க படிக்கிறதெல்லாம் எழுதினவன் கற்பனை. அப்புறம் நிருபர்கள் கேட்டதுக்குக் கமல் சொன்னதைச் சுருக்கினா இவ்வளவுதான்: அவர் காசு போடுறவர், ரஜினிக்குக் கதை பிடிக்கிற வரைக்கும் தேடிட்டே இருப்பாங்க. படம் கைவிடப்படல, இயக்குநர் இல்ல. இன்னைய தேதிக்கு நெலவரம் இது.

அஞ்சு பேரை ஓட்டுற சேனல்காரங்க கதை சொல்றேன். நேத்து ஒருத்தன் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பேரை "உறுதி"ன்னான், ஒன்பதரைக்கு இன்னொரு பேரை "உறுதி"ன்னான், ரெண்டு வீடியோவும் இப்பவும் பக்கத்துல பக்கத்துல கெடக்கு. ரெண்டுலயும் ஒரே சட்டை.

237-ல மாத்தம் எதுவும் இல்ல. நாயகன் பாக்க நான் இன்னும் போகல. தறி அண்ணன் எழுதினதைப் படிச்சப்புறம் எங்கம்மாவைக் கூட்டிட்டுத்தான் போகணும்னு இருக்கேன். அதுக்கும் காது மந்தம்.

---

கீழக்கரை தொதல் | 16 நவம்பர், மதியம் 12.40

காக்கா, உம்மாகிட்ட மறுபடியும் கேட்டேன், வாப்பா சிரிச்ச படம் எதுண்டு. "ஒரே ஆளு நாலு பேரா வருவானே"ண்டாங்க. மைக்கேல் மதன காமராஜன். பன்னெண்டு வருஷம் கழிச்சு விடை கெடச்சிருக்கு. தொகுப்புல போட இடமிருந்தா போடுங்க, இல்லாட்டி இங்கயே கெடக்கட்டும்.

---

சேராங்கோட்டை சுக்கான் | 16 நவம்பர், மாலை 5.25

படகுப் பஞ்சாயத்து தீர்ந்துருச்சு. நீங்கள்லாம் எழுதினதை சம்மாட்டிக்கு வாசிச்சுக் காட்டினேன். பாசி தங்கச்சி எழுதினதை ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னாரு. அவரோட அய்யாவும் அந்தப் புயல்ல போனவருதான். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "பதிவுல இருக்குறது வெறும் நம்பர்தானே, பேரு நம்ம இஷ்டம்தானே"ன்னாரு. ஆமான்னேன். "ஏப்ரல் 15 தடைக்காலம் தொடங்கட்டும், அழிச்சுட்டுக் கமல்னு மட்டும் எழுது. பெயிண்டர் எழுத்துக்குத்தான் காசு கேக்குறான். ஏழு எழுத்து போயி மூணு எழுத்து"ன்னாரு.

அழிச்ச எடம் காலியா தெரியுமேன்னு கேட்டேன். அதுல நண்டு படம் வரையணுமாம்.

நாளைக்குத் திங்கள், கடலுக்குப் போக டோக்கன் வாங்கப் போறேன். செவ்வாய்க்கிழமை காலைல வருவேன். 2கே தம்பி, அதுக்குள்ள டைரக்டர் பேரு வந்துச்சுன்னா போன் போடாத, டவர் இருக்காது. இங்க எழுதி வையி.